அளவுகோலும் ஆட்களும்: மகலனோபிஸ் முதல் மரபணுச் சில்லு வரை

இது சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

லேக் கார்டன்ஸில் நான் தங்கியிருக்கும் அறைக்குச் சென்ற வாரம் ஒரு தம்பி வந்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவிற்கு முதுகலை படிக்க வந்தவர். மடிக்கணினியைத் திறந்து, "அண்ணா, என் நிரல் இரத்தப் புற்றுநோயாளிகளை நூற்றுக்கு நூறு சரியாகப் பிரித்துவிட்டது" என்றார். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. "தரவு எங்கிருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டேன். கோப்பின் பெயரைச் சொன்னார். கோப்பில் இருப்பவர்கள் யார், எந்த ஊரார், எப்போது குருதியும் மஜ்ஜையும் கொடுத்தவர்கள் என்று கேட்டபோது அவரிடம் விடை இல்லை.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அறிவியல் வரலாற்றுக்கு வருவதற்கு முன் கணினியியல் படித்தவன் நான். முதுகலைத் திட்டப்பணியில் நானும் இதே கோப்பை எடுத்து, இதே போன்றதொரு முடிவைப் பெற்று, இதே மகிழ்ச்சியுடன் மேடையேறினேன். அந்த முடிவு பிழையானது என்று எனக்குத் தெரியவர இரண்டு ஆண்டுகள் ஆயின. அது எவ்வாறு பிழையானது என்பதையும், அப்பிழையைக் களையும் பாடம் இந்நகரத்திலேயே 90 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டுவிட்டது என்பதையும் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

1. இருநூறு மனிதர்கள்

லேக் கார்டன்ஸ் நகரின் தெற்கில் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வடக்கே பராநகரில். ஏரிக்கரையை அடுத்த ரவீந்திர சரோபர் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் இப்போது பராநகரிலேயே இறங்கலாம். இந்தப் பாதையின் நடுவே, கல்லூரித் தெருவில், அன்றைய மாநிலக் கல்லூரி நிற்கிறது. நம் கதை அங்கு இயற்பியல் கற்பித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸிடமிருந்து தொடங்குகிறது.

1920இல் நாக்பூரில் இந்திய அறிவியல் மாநாடு கூடியது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் அனண்டேல் அங்கு மகலனோபிஸைச் சந்தித்து, கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் தாம் எடுத்து வைத்திருந்த உடல் அளவுகளைப் பகுத்தாய முடியுமா என்று கேட்டார். இருநூறு ஆண்களின் உயரத்தை ஆராய்ந்த மகலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை 1922இல் வெளிவந்தது. அடுத்து ஒரு கடினமான வினா எழுந்தது. ஒரு குழு இன்னொரு குழுவுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை, ஓர் அளவைக் கொண்டன்றிப் பல அளவுகளை ஒருங்கே கொண்டு எவ்வாறு சொல்வது?

உயரத்தில் வேறுபாடு இருக்கும். கை நீளத்திலும் இருக்கும். ஆனால் உயரமானவருக்குக் கையும் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியவர் ஆவோம். மகலனோபிஸ் கண்ட தீர்வு, அளவுகளின் சிதறலையும் அவற்றுக்கிடையே உள்ள உடன்மாறுபாட்டையும் கணக்கில் கொண்டு தொலைவை வரையறுப்பதாகும். அதனை 1936இல் பொதுவடிவில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் 'மகலனோபிஸ் தொலைவு' என்று வழங்குவது இதுவே. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் பிரித்தறி சார்பை வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மகலனோபிஸ் 1931 டிசம்பரில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இக்கருத்தின் பட்டறையாயிற்று. இராஜ் சந்திர போஸும் சமரேந்திர நாத் ராயும் தொலைவளவின் பரவலை ஆராய்ந்தனர். 1946இல் சி.ஆர். ராவ் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானின் ஜெபல் மோயா என்னுமிடத்தில் கிடைத்த எலும்புக்கூடுகளின் அளவுகளை இம்முறையால் ஆராய்ந்தார். உயிரியல் வகைப்பாட்டில் பல அளவுகளைப் பயன்கொள்வது பற்றிய அவருடைய 1948ஆம் ஆண்டுக் கட்டுரை, இரண்டு குழுக்களுக்கு மட்டுமே இருந்த முறையைப் பல குழுக்களுக்கு விரித்தது. 'இந்த மனிதர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர்?' என்ற வினாவுக்கு எண்ணால் விடை சொல்லும் கலை இவ்வாறு முதிர்ந்தது.

இந்தக் கலையின் பிறப்பில் ஒரு கறையும் உண்டு. மனிதரை இனமென்றும் சாதியென்றும் அளந்து அடுக்கிய காலனிய மானிடவியலே இதற்குத் தரவு வழங்கியது. மூக்கின் அளவால் சமூகப் படிநிலையை விளக்க முயன்ற ஹெர்பர்ட் ரிஸ்லியின் வங்கத் தொகுதிகள் அவற்றுள் தலையாயவை. குழுப்பெயர்களை மக்கள் தாமே சூட்டிக்கொள்ளவில்லை, அளந்தவர் சூட்டினார். வகைப்படுத்தும் எந்தக் கருவிக்கும் முன்னதாக ஒரு பெயர்ச்சீட்டு இருக்கிறது என்பதையும், அச்சீட்டை எழுதிய கை ஒன்று இருக்கிறது என்பதையும் இங்கு குறித்துக்கொள்வோம்.

2. ஒரு திருத்தம்

மகலனோபிஸைப் பற்றி எழுதுவோர் தொலைவளவைப் போற்றுவர். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பேசுவர். அவருடைய ஒரு கட்டுரையை மட்டும் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். 1933இல் அவர் தொடங்கிய 'சங்க்யா' இதழின் முதல் தொகுதியிலேயே வந்த அக்கட்டுரை, ரிஸ்லியின் அளவுகளைத் திருத்துவது பற்றியது. அச்சான அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். ஒரு மனிதரின் இரண்டு அளவுகளிலிருந்து கணக்கிடப்பட்ட விகிதம், அந்த இரண்டு அளவுகளுடனும் ஒத்துப்போகிறதா என்று சோதித்தார். ஒத்துப்போகாத இடங்களைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்து திருத்தம் செய்தார்.

அதற்கு முன்பே, 1928இல், உயிருள்ள மனிதரை அளக்கும் முறைகள் தரப்படுத்தப்பட வேண்டும் என்று 'பயோமெட்ரிகா' இதழில் எழுதியிருந்தார். இரண்டு ஆய்வாளர் ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறித்தால், அவர்கள் அளந்த குழுக்களிடையே காணும் வேறுபாடு மனிதர்களின் வேறுபாடா, அளந்தவர்களின் வேறுபாடா? தொலைவளவைக் கண்டவர், அத்தொலைவளவை நம்புவதற்கு முன் அளவுகோலையே ஐயுற்றார். இந்த வரிசைமுறையே என் வாதத்தின் அச்சு.

3. ஏழாயிரம் மரபணுக்கள்

நம் உடலின் அணுக்கள் பெரும்பாலும் ஒரே மரபுத்தொகுதியைக் கொண்டவை. எனினும் ஈரலணு ஈரலாகவும் நரம்பணு நரம்பாகவும் இருப்பது, எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த வெளிப்பாட்டை, அதாவது மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் அளவை, ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு ஒரே நேரத்தில் அளக்கும் டி.என்.ஏ. சில்லுகள் 1990களில் வந்தன.

1999 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் டாட் கோலப் குழுவினரின் கட்டுரை வெளியாயிற்று. கடும் இரத்தப் புற்றுநோயில் லிம்ஃபோபிளாஸ்டிக், மைலாய்டு என இரண்டு வகைகள் உண்டு. இரண்டுக்கும் மருந்துகள் வேறு; தவறிப் பிரித்தால் நோயாளி இழப்பது பெரிது. மருத்துவர் நுண்ணோக்கியாலும் வேதிச் சாயங்களாலும் பல்லாண்டு அனுபவத்தாலும் செய்துவந்த இப்பிரிவினையை, மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு மட்டும் செய்ய இயலுமா என்பதே அவர்களின் வினா.

எலும்பு மஜ்ஜை மாதிரிகள் 38. அவற்றுள் 27 முதல் வகை. 11 இரண்டாம் வகை. அவற்றிலிருந்து தேர்ந்த 50 மரபணுக்களுக்கு வாக்குரிமை வழங்கினர். ஒவ்வொரு மரபணுவும் தன் எடைக்கேற்ப வாக்களிக்கும். வாக்குகளின் வேறுபாடு போதிய அளவு பெரிதாக இருந்தால் மட்டுமே தீர்ப்பு; இல்லையெனில் 'உறுதியில்லை'. பின்னர் முன்பின் காணாத 34 மாதிரிகளைக் கொடுத்தனர். 29 மாதிரிகளுக்குக் கருவி உறுதியுடன் விடை சொன்னது. அந்த 29உம் சரி. ஐந்தில் அது வாய்மூடி இருந்தது. நூற்றுக்கு நூறு என்று மார்தட்டும் இன்றைய கட்டுரைகளைவிட, ஐந்து இடங்களில் தெரியாது என்று ஒதுங்கிய அந்த முதற்கட்டுரையின் அடக்கம் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

இங்கே புள்ளியியலுக்கு ஒரு பெரும் இடர் வந்தது. கல்கத்தாவின் மானிட அளவையில் அளவுகள் சில, மனிதர்கள் பலர். சில்லில் நிலைமை தலைகீழானது: அளவுகள் ஏழாயிரத்துக்கும் மேல், மனிதர்கள் 38 பேர். தொலைவளவுக்கு உடன்மாறுபாட்டு அணியின் நேர்மாறு தேவை. மனிதர்களைவிட அளவுகள் மிகும்போது அந்த நேர்மாறு இருப்பதே இல்லை. மகலனோபிஸின் வாய்பாட்டை அப்படியே எடுத்து இங்கு பயன்படுத்த முடியாது.

இடர் வாய்பாட்டோடு நின்றுவிடவில்லை. ஏழாயிரம் அளவுகளில் துழாவினால், நோய்க்குத் தொடர்பே இல்லாத ஏதேனும் சில அளவுகள் தற்செயலாகவே இரண்டு குழுக்களையும் பிரித்துக் காட்டும். முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் தேர்ச்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரிக்க, சட்டை நிறம், செருப்பு எண், வீட்டு இலக்கம் என்று ஏழாயிரம் செய்திகளைத் திரட்டினால், எதுவோ ஒன்று கச்சிதமாகப் பிரிக்கத்தான் செய்யும். அடுத்த ஆண்டு வகுப்பில் அது பிரிக்காது.

4. கொல்கத்தாவின் இரண்டாம் பங்கு

1955-56இல் இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியை இறக்குமதி செய்து நிறுவியது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1966இல் அந்நிறுவனமும், லேக் கார்டன்ஸுக்கு அருகிலுள்ள யாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற கணினியை உருவாக்கின. வடிவமறிதலும் தெளிவிலாக் கணங்களும் பராநகரில் வேரூன்றின. சங்கர் கே. பால், சுஷ்மிதா மித்ரா, சங்கமித்ரா பந்தோபாத்யாய், பிரதீப்த மாஜி ஆகியோர் அங்கும், உஜ்ஜல் மௌலிக் யாதவ்பூரிலும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுக்கு உரிய கணிமுறைகளைப் படைத்தனர். ஒரு மாதிரி ஒரு குழுவுக்கு முழுமையாகவே உரியதாக இருக்க வேண்டியதில்லை, பகுதியளவில் உரியதாகலாம் என்ற தெளிவிலாக் கணக் கருத்தும், ஒன்றையொன்று மீண்டும் சொல்லும் மரபணுக்களை நீக்கி இன்றியமையாதவற்றை மட்டும் தேரும் ரஃப் கணக் கருத்தும் இத்துறையில் இந்நகர ஆய்வாளர்கள் பயன்படுத்தியவை. பின்னதில், ஒரே செய்தியை இருமுறை எண்ணாதே என்ற மகலனோபிஸின் எச்சரிக்கை புதிய உருவில் கேட்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மகலனோபிஸின் கணக்கு கல்கத்தாவின் தெருக்களில் நடமாடிய 200 மனிதர்களிடமிருந்து பிறந்தது. இக்கணிமுறைகளோ, உலகின் பிற ஆய்வுக்கூடங்களில் போலவே, சில பொதுத் தரவுக் கோப்புகளின் மேல் சோதிக்கப்பட்டன. கோலப் குழுவின் இரத்தப் புற்றுநோய்க் கோப்பு அவற்றுள் ஒன்று. பிரின்ஸ்டனிலிருந்து வந்த, 40 கட்டி மாதிரிகளும் 22 இயல்பான மாதிரிகளும் கொண்ட பெருங்குடல் கோப்பு மற்றொன்று. அந்தப் பெருங்குடல் கோப்பை வெளியிட்டோரே ஒன்றைச் சுட்டியிருந்தனர்: இயல்பான மாதிரிகளில் தசைத்திசு மிகுதியாகக் கலந்திருந்தது. எனவே கருவி பிரித்தது புற்றுநோயையா, வெட்டியெடுத்த துண்டில் இருந்த தசையின் அளவையா என்று கேட்க வேண்டியிருந்தது. உலகெங்கும் எத்தனையோ ஆயிரம் கட்டுரைகள் இக்கோப்புகளைப் பயன்படுத்தின. எத்தனை கட்டுரைகள் அக்கேள்வியைக் கேட்டன?

5. என் பிழை

இப்போது என் பிழைக்கு வருகிறேன். நான் முதலில் எல்லா மாதிரிகளையும் பார்த்து நல்ல மரபணுக்களைத் தேர்ந்தேன். பிறகு மாதிரிகளைப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்துக் குறுக்குச் சரிபார்ப்பு செய்தேன். முடிவு கண்ணைப் பறித்தது. வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சோதனை மாதிரிகள் மரபணுத் தேர்விலேயே வாக்களித்துவிட்டன. அதன்பின் அவற்றை மறைத்து வைப்பதில் பயனில்லை.

கிறிஸ்தோஃப் அம்புரோவாஸும் ஜெஃப்ரி மெக்லாக்லனும் 2002இல் இப்பிழையை, அதே பெருங்குடல், இரத்தப் புற்றுநோய்க் கோப்புகளைக் கொண்டே எடுத்துக்காட்டியிருந்தனர். மரபணுத் தேர்வையும் சரிபார்ப்புக்குள் அடக்கினால், பிழையே இல்லை என்று தோன்றிய இடங்களில் பிழை தலைகாட்டியது. மறு ஆண்டில் ரிச்சர்டு சைமன் குழுவினர் இன்னும் கடுமையான சோதனை செய்தனர். 20 மாதிரிகள், 6000 மரபணுக்கள். எல்லாம் கணினி உருவாக்கிய வெற்று இரைச்சல். குழுக்களிடையே உண்மையான வேறுபாடு ஏதுமில்லை. நான் செய்த முறையில் செய்தபோது, அத்தகைய தரவுத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் பிழையே காணப்படவில்லை! இல்லாத நோயைக் குறையின்றிக் கண்டறிந்தது கருவி.

அதே 2002இல் சாந்திரின் துதுவா, ஜேன் ஃபிரிட்லியண்ட், டெரி ஸ்பீடு ஆகியோர் பல வகைப்படுத்திகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவும் நினைவிற்கொள்ளத்தக்கது. மரபணுக்களிடையே உடன்மாறுபாட்டைப் புறக்கணித்த, மிக எளிய பிரித்தறி முறையும், அண்மை அயலாரைப் பார்த்துத் தீர்மானிக்கும் முறையும், சிக்கலான முறைகளுக்கு இணையாகவோ மேலாகவோ நின்றன. மாதிரிகள் குறைவாக இருக்குமிடத்தில் நுட்பம் மிகுந்த கருவி நன்மை செய்யும் என்பது உறுதியில்லை.

6. ஒரு வரி நகர்ந்தது

வகுப்பறைப் பிழை வகுப்பறையில் முடிந்தால் கேடில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரை, மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு எந்த நோயாளிக்கு எந்த வேதிமருந்து பலனளிக்கும் என்று முன்கூறலாம் என்றது. 2007இல் அதன் அடிப்படையில் நோயாளிகளைச் சேர்த்துச் சோதனைகளும் தொடங்கப்பட்டன. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அம்முடிவை மீண்டும் பெற முயன்றனர். இயலவில்லை. துருவிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி நகர்ந்திருந்தது. ஒவ்வொரு மரபணுவின் இடத்திலும் அதன் அண்டை மரபணுவின் பெயர் நின்றது. சிலவிடங்களில் மருந்துக்கு இணங்குவது, இணங்காதது என்ற பெயர்ச்சீட்டுகளே இடம் மாறியிருந்தன. பலனளிக்காத மருந்தையே பலனளிக்கும் என்று கருவி பரிந்துரைக்கக்கூடிய நிலை.

2009இல் அவர்கள் இதை வெளியிட்டனர். சோதனைகள் நிறுத்தப்பட்டன, மூலக்கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அச்சோதனைகளில் சேர்க்கப்பட்டிருந்தனர்.

பேகர்லியும் கூம்ஸும் தம் பணியைத் தடயவியல் என்றனர். அதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1933ஆம் ஆண்டின் 'சங்க்யா' இதழ்தான். அச்சான அட்டவணையை எடுத்து, ஒரு நிரலை இன்னொரு நிரலோடு பொருத்தி, பொருந்தாத இடத்தில் விரல் வைத்த மகலனோபிஸ் செய்ததும் இதே பணி. புதிய கணிமுறை ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை பொறுமையும், அச்சான எண்ணை நம்பாத மனமும்.

7. எந்த மனிதர்கள்?

நன்கு செய்யப்பட்ட பணியும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு ஒருதலையானதாகிவிடும். நெதர்லாந்தின் புற்றுநோய் நிறுவனத்தில் 78 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளிலிருந்து 70 மரபணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு 2002இல் வெளியிடப்பட்டன. அந்த 70 மரபணுக்களைக் கொண்டு, வேதிச் சிகிச்சை இன்றியே நலமாக வாழக்கூடிய பெண்களைக் கண்டறிய முடியுமா என்று 6,693 பெண்களிடம் சோதித்து முடிவு வெளியிட்டது 2016இல். கணிமுறைக்கு ஒரு கட்டுரை போதுமாக இருந்தது. நம்பிக்கைக்குப் பதினான்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நம் நாட்டிலும் அளவுகோலை நம் மனிதர்களிடம் கொண்டுசென்ற முயற்சி உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபுத்தொகையியல் நிறுவனமும், டாடா நினைவு மையத்தின் நவி மும்பை ஆய்வுப் பிரிவும் இணைந்து, புகையிலை மெல்லும் நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் ஈறு, உட்கன்னப் புற்றுநோயை ஆராய்ந்தன. 2013இல் வெளியான அவ்வாய்வு 50 நோயாளிகளிடம் கண்டதை, வேறு 60 பேரிடம் சரிபார்த்தது. இப்புற்றுநோயில் அதுவரை அறியப்படாத ஐந்து மரபணுக்களின் பிறழ்வுகளை அது காட்டியது. அது வெளிப்பாட்டை அளக்கவில்லை, பிறழ்வுகளையே படித்தது என்பது உண்மை. ஆயினும் கேள்வியை நம் நோயிலிருந்து எடுத்து, விடையை வேறு நோயாளிகளிடம் சோதித்த அந்த ஒழுங்கே, மானிட அளவைக் காலத்து நல்ல மரபின் தொடர்ச்சி என்பேன்.

லேக் கார்டன்ஸிலிருந்து சற்றுத் தொலைவில், ஹாஜ்ராவில், சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய வளாகம் இருக்கிறது. அம்மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ-க்யூரி. அவ்வழியே செல்லும்போதெல்லாம், அறிக்கைகள் அடங்கிய நெகிழிப் பையை மார்போடு அணைத்தபடி நிற்பவர்களைக் காண்கிறேன். நம் கோப்புகளில் ஒரு வரிசை என்பது அத்தகைய ஒருவர்.

தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவே: "நிரலை அழித்துவிடாதீர்கள். முதலில் மரபணுத் தேர்வைச் சரிபார்ப்புக்குள் கொண்டுவாருங்கள். அடுத்து, பெயர்ச்சீட்டுகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நூறு வந்தால் பிழை உங்களிடம் இருக்கிறது. கடைசியாக, அந்த 38 பேர் யார் என்று மூலக்கட்டுரையில் வாசியுங்கள்."

நேற்றிரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. நூறு குறைந்துவிட்டது, எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. "ஆனால் அண்ணா, சோதனைத் தொகுதியில் பத்துப் பேரின் மாதிரிகள் மஜ்ஜையிலிருந்து எடுத்தவை அல்ல, குருதியிலிருந்து எடுத்தவை. இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியும் என்று எழுதினேன். எனக்கு அது தெரியவர இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்து எழுதினேன்.

பிழைகள் இருப்பின் சுட்டுங்கள்; திருத்திக்கொள்வேன். இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்தால் மாணவர்களுக்குப் பயன்படும்.